அத்தையின் சமையல் நோட்டு: வருஷாப்திகத்துக்குள் புத்தகமாக்க யோசனை தேவை

வடக்குவீதி:

அத்தை (அப்பாவின் அக்கா, கும்பகோணம்) காலமாகி ஏழு மாதம் ஆகிறது. வருஷாப்திகத்துக்குள் (முதல் வருஷத் திதி) அவருடைய சமையல் நோட்டை அச்சடித்து, அவரிடம் கற்றுக்கொண்ட வீட்டுக்கெல்லாம் ஒரு பிரதி கொடுக்க உத்தேசம். குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பெண்களுக்கு, இப்போது சில பையன்களுக்கும், ரசப்பொடியில் இருக்கிற கை அவருடையதுதான்.

நோட்டின் நிலைமை: நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு. பாதி பேனா மை, பாதி பால்பாயிண்ட், சில பக்கம் பென்சில். எண்ணெய்க் கறை, குண்டூசி, காய்ந்துபோன செல்லோ டேப். அளவுகள் வீசை, பலம், ஆழாக்கு, ‘ரூபாய் எடை’. மாதிரிக்கு வடு மாங்காய் ஊறுகாய்ப் பக்கத்தை அப்படியே தருகிறேன்:

“வடு 1 படி. கல்லுப்பு 1 ஆழாக்கு. மிளகாய் 1½ பலம். கடுகு 1 பலம். மஞ்சள் 1 விரலி. வி.எண்ணெய் 2 கரண்டி. நாலு நாள் குலுக்கவும். பிறகு தெரியுமே.”

அந்தப் ‘பிறகு தெரியுமே’தான் பிரச்சினை. அத்தைக்குத் தெரியும்.

பழைய_ஏடு:

முதலில் எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி நோட்டுகள் பாசத்தால்தான் அதிகம் கெடுகின்றன.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது; தாளில் இருக்கும் ஈரமும் எண்ணெயும் உள்ளேயே அடைபட்டுப் பழுப்பேறும். புது டேப்பும் ஒட்டாதீர்கள். பழைய டேப் காய்ந்து தானாக உதிர்ந்தால் எடுங்கள், இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். குண்டூசியை மட்டும் கட்டாயம் எடுக்க வேண்டும், துரு தாளைத் தின்றுவிடும். துருவேறிய ஊசியை நேராக உருவினால் தாள் கிழியும். மெல்லிய அட்டையை ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் செருகி, நெகிழ்த்தி, அப்புறம் உருவுங்கள்.

எண்ணெய்க் கறையை ஈரத்துணியால் தொடாதீர்கள். பேனா மை நீரில் கரையும், ஒரு துடைப்பில் பக்கம் போய்விடும். புது எண்ணெயாக இருந்தால் மை ஒற்றும் தாள் இரண்டு பக்கமும் வைத்துப் பாரம் ஏற்றலாம். பல வருஷத்துக் கறை காய்ந்து பிசினாகியிருக்கும், அதற்கு இது உதவாது. அப்படியே இருக்கட்டும்.

ஸ்கேன்: வண்ணத்தில் 300 டிபிஐ. பென்சில் பக்கங்களுக்கு 600. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கறையும் எழுத்தும் ஒரே கறுப்பாகிவிடும். எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடி மாதிரி இருப்பதால் பின்பக்க எழுத்து தெரியும். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் அது அடங்கும். தையல் இறுகியிருக்கும் நோட்டை ஸ்கேனர் மூடிக்கு அடியில் அமுக்காதீர்கள், முதுகு உடையும். ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து போனில் எடுங்கள், ஃபிளாஷ் இல்லாமல்.

மூலப் பிரதியை பிஎன்ஜி அல்லது டிஃப் ஆக வையுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட் ஆக அனுப்ப வேண்டும். வெற்றுப் பக்கம், அட்டை, அட்டையின் உள்பக்கம் எதையும் விடாமல் வரிசை எண் போட்டு எடுங்கள். அட்டையின் உள்பக்கத்தில்தான் இந்தத் தலைமுறைப் பெண்கள் முக்கியமானதை எழுதுவார்கள்.

நோட்டைப் பருத்தித் துணியில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். பரண் ஆகாது, சூடு. பிளாஸ்டிக் கவரும் ஆகாது. ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைப்பவர்கள் நன்றாகக் காய்ந்ததை வைக்க வேண்டும், பச்சை இலை கறை போடும்.

மரக்கால்:

அளவுகளுக்கு வருகிறேன். எடை சுலபம், ஏனென்றால் அது வெள்ளி ரூபாயில் கட்டியது. 1 ரூபாய் எடை என்றால் 1 தோலா, 11.66 கிராம். 3 ரூபாய் எடை 1 பலம், அதாவது 35 கிராம். 8 பலம் 1 சேர், 280 கிராம். 40 பலம் 1 வீசை, 1.4 கிலோ. நோட்டில் “மிளகு 2 ரூபாய் எடை” என்றிருந்தால் 23 கிராம். சின்னப் பிள்ளைகள் அதை விலை என்று படிப்பார்கள், அதனால் அச்சில் கிராமையும் பக்கத்தில் போடுங்கள். “அரையணாவுக்குக் கொத்தமல்லி” மட்டும் உண்மையிலேயே விலைதான். அதை மாற்ற வழி கிடையாது, ஒரு சின்னக் கட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

முகத்தல் அளவுதான் தகராறு. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால். விகிதம் பெரும்பாலும் இதுதான். ஆனால் படி என்ற பாத்திரம் ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி, சின்னப் படி என்று தனித்தனிப் பெயரே உண்டு. எனவே இணையத்தில் தேடி ஒரு மில்லிலிட்டர் கணக்கைப் போடாதீர்கள். அத்தை பயன்படுத்திய ஆழாக்கு வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும். அதில் தளதளவென்று தண்ணீர் ஊற்றி, தராசில் வைத்துப் பாத்திர எடையைக் கழித்தால் கிராம் எத்தனையோ அத்தனை மில்லி.

நெய்வேலிக்காரன்:

இவ்வளவு எதுக்கு சார்? ஆழாக்குன்னா 1 கப், 200 மில்லின்னு போட்டுட்டுப் போகலாமே. எல்லா யூடியூப்லயும் அப்படித்தான் சொல்றாங்க.

மரக்கால்:

அது 200 ஆகவும் இருக்கலாம், 168 ஆகவும் இருக்கலாம். இரண்டு கணக்கும் புழக்கத்தில் உண்டு. ரசத்தில் அந்த வித்தியாசம் தெரியாது, ஊறுகாயில் தெரியும்.

பாத்திரம் கிடைக்கவில்லை என்றால் நோட்டே சாட்சி சொல்லும். ஒரே சாமானை ஓரிடத்தில் ஆழாக்கிலும் இன்னோரிடத்தில் பலத்திலும் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். துவரம்பருப்பு 1 லிட்டர் ஏறக்குறைய 850 கிராம் நிற்கும். ஒரு ஆழாக்குப் பருப்பும் ஐந்து பலமும் ஒன்று என்று தெரிந்தால் (175 கிராம்) அவருடைய ஆழாக்கு 200 மில்லியை ஒட்டியது. நாலு பலம் என்றால் (140 கிராம்) சுமார் 165. இன்னொன்றும் கேளுங்கள்: அவர் தலைதட்டி அளப்பாரா, கோபுரமாக அளப்பாரா? கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வடுஜாடி:

அந்த வடு மாங்காய்ப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம், ‘பிறகு தெரியுமே’யையும் நிரப்பிவிடலாம்.

ஆழாக்கு 200 மில்லி என்று வைத்தால் படி 1.6 லிட்டர். சின்ன வடு அந்தப் படியில் இடைவெளி போக ஏறக்குறைய 1 கிலோ பிடிக்கும். ஒரு ஆழாக்குக் கல்லுப்பு 220 கிராம் பக்கம். அதாவது வடுவின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். வருஷம் தாங்குவதற்குச் சரியான உப்பு, உங்கள் அத்தை கணக்காகத்தான் எழுதியிருக்கிறார். மிளகாய் 52 கிராம், கடுகு 35 கிராம், அதுவும் பொருந்துகிறது. இதே ஆழாக்கில் தூள் உப்பை அளந்தால் எடை கூடிவிடும். கல்லுக்கு நடுவே இருக்கிற காற்று தூளில் குறைவு. அதனால் புத்தகத்தில் உப்பை மட்டுமாவது கிராமில் போடுங்கள்.

முறை: வடுவை அலம்பித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். காம்பு கொஞ்சம் இருக்கட்டும். அடிபட்டது, உதிர்ந்து பொறுக்கியது, கறுப்புப் புள்ளி விழுந்தது எதையும் சேர்க்கக் கூடாது, ஒன்று அழுகினால் ஜாடியே போகும். விளக்கெண்ணெய் தடவி, சீனா ஜாடியில் ஒரு கை வடு ஒரு கை உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, தினம் காலையும் மாலையும் குலுக்க வேண்டும். மூன்றாம் நாள் நான்காம் நாள் தண்ணீர் விட்டு, தோல் சுருங்கும். ‘பிறகு’ என்பது இங்கேதான் ஆரம்பம்: ஊறிய நீரை வடித்து, அதிலேயே மிளகாய், கடுகு, மஞ்சளை அரைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. வடு நீருக்கு மேலே தலை தூக்கினால் சின்னப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமுக்குங்கள். மேலே நிற்பதில்தான் வெள்ளைப் பாளம் கட்டும்.

உப்பைக் குறைத்து ‘ஆரோக்கியமாக’ப் போட்டால் வடு கொழகொழத்துப் போகும். 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டியதுதான், ஜாடிக்கு ஆகாது.

மாடிவீடு:

ஒரு சந்தேகம். நோட்டில் எழுத்துப் பிழை நிறைய இருக்குமே? அச்சில் திருத்திவிடலாம் இல்லையா? அப்படியே ‘வீசை’யை எடுத்துவிட்டு ஒரேயடியாகக் கிராம் போட்டால் படிக்கச் சுத்தமாக இருக்கும்.

பழைய_ஏடு:

நான் எதிர்க்கிறேன். இடப்பக்கம் அவர் கையெழுத்துப் பக்கத்தின் படம், வலப்பக்கம் அச்சு. அச்சிலும் அவர் சொல் அப்படியே, கிராம் மட்டும் அடைப்புக்குறிக்குள். நீங்கள் சேர்ப்பது எதுவோ அது வேறு நிற எழுத்திலோ சாய்வெழுத்திலோ இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து ஒருத்தி படிக்கும்போது எது பெரியத்தை சொன்னது, எது மன்றத்தில் யாரோ சொன்னது என்று பிரித்தறிய முடிய வேண்டும்.

‘பிழை’ என்று நீங்கள் நினைப்பதில் பாதி பழைய எழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நாலும் துதிக்கை போட்டு எழுதியவை. ணா, றா, னா சுழித்து எழுதியவை. அவற்றின் ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்தால் 13 எழுத்து. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் கடைசி வரை அப்படித்தான் எழுதினார்கள். கணினி எழுத்துணரி இதில் தடுமாறும், கையெழுத்தில் சொல்லவே வேண்டாம். உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான் வேகம். ‘௸’ என்று கண்டால் மேற்படி, ‘௵’ வருஷம், ‘௴’ மாதம். வ போல ஒரு குறி அளவுக்கு முன்னால் நின்றால் கால்.

தேதி இருந்தால் விடாதீர்கள். ‘பிங்கள ௵ ஆவணி’ என்றால் 1977. அதே பிங்கள வருஷம் தை, மாசி, பங்குனி என்றால் 1978. எந்தப் பட்சணம் எப்போது வீட்டுக்குள் வந்தது என்று அதிலிருந்து வரிசைப்படுத்தலாம்.

வெண்கலப்பானை:

பாத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரசம் ‘ஈயச்செம்பில்’ என்று எழுதியிருந்தால் கீழே எச்சரிக்கை போட்டே ஆக வேண்டும். அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். வெறும் செம்பை கேஸ் அடுப்பில் வைத்தால் அடி ஓடிப்போகும். புளித்தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், சிறு தீ, தாளிப்பு தனிக் கரண்டியில். குமுட்டி அடுப்பில் பழகிய கை வேறு, இன்றைய பெரிய பர்னர் வேறு. புதிதாக வாங்குகிறவர்கள் காரீயக் கலப்பு இல்லாததுதானா என்று உறுதி செய்துகொண்டு வாங்க வேண்டும். காரீயம் விஷம், அதுவும் புளிக்கு நன்றாகவே கரையும். சந்தேகமாக இருந்தால் எவர்சில்வரிலேயே வையுங்கள், அத்தை ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பித்தளைப் பாத்திரம் அவர் பங்காக யாருக்காவது வந்திருந்தால், உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பூசாமல் புளி, மோர் எதுவும் கூடாது, களிம்பு ஏறும்.

மிளகாய்வற்றல்:

குழம்புப் பொடிக்கும் ஒரு குறிப்பு. “மிளகாய் அரை வீசை, மல்லி ஒரு வீசை” என்றிருந்தால் 700 கிராம், 1.4 கிலோ, அதாவது ஒன்றுக்கு இரண்டு, சரி. ஆனால் எந்த மிளகாய்? நீட்டு மிளகாய் ஒரு காரம், குண்டு மிளகாய் இன்னொரு காரம், நிறமும் வேறு. (ராமநாதபுரம் முண்டு என்ற குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, அதைக் கேட்டு வாங்கலாம்.) நோட்டில் இல்லாவிட்டால் அவருக்கு மளிகை வாங்கிக் கொடுத்தவரைக் கேளுங்கள், சமைத்தவரைவிட அவருக்கு நினைவிருக்கும். பெருங்காயமும் அப்படியே. ‘கொட்டைப்பாக்களவு’ என்பது கட்டிப் பெருங்காயத்துக்கு. இன்று டப்பாவில் வரும் தூள் மாவும் கோந்தும் சேர்த்த கூட்டு, அதே அளவு போட்டால் வாசனை நிற்காது.

மில்லில் முன்னால் யாராவது கேழ்வரகு அரைத்திருந்தால் முதல் பிடி மாவு கலந்து வரும், அதைத் தனியாக வாங்கி வையுங்கள். அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும். செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிடுங்கள்.

கைப்பக்குவம்:

நோட்டில் இருப்பது பாதிதான். மீதி அவரோடு நின்று சமைத்தவர்கள் கையில் இருக்கிறது, அதை எடுக்க ஒரு முறை உண்டு.

மன்னி, சித்தி யாரையும் “எத்தனை ஸ்பூன்?” என்று கேட்காதீர்கள். கேட்ட உடனே கை மாறிவிடும். அவர் சமைப்பதற்கு முன் உப்பு ஜாடி, பொடி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்த பிறகு மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் அளவு, அவருக்குத் தெரியவே வேண்டாம். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். பெருங்காயத்துக்கும் வெந்தயத்துக்கும் 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். புளியை ஊறப்போடும் முன் எடை போடுங்கள். ‘எலுமிச்சங்காயளவு’ பெரும்பாலும் 25, 30 கிராமுக்குள் நிற்கும், ஆனால் பழைய கறுத்த புளியும் புதுப் புளியும் ஒன்றல்ல. எது என்று எழுதுங்கள்.

நேரத்தை நிமிஷத்தில் எழுதுவதைவிட அடையாளத்தில் எழுதுங்கள். ‘நுரை கட்டினதும் இறக்கு, கொதிக்க விடாதே’ என்பது எந்த அடுப்புக்கும் செல்லும். ‘6 நிமிஷம்’ உங்கள் அடுப்புக்கு மட்டும்.

மூன்று பேர் மூன்று விதமாகச் செய்தால் சராசரி எடுக்காதீர்கள், தயவுசெய்து. அத்தை ஆளுக்குத் தகுந்த மாதிரிச் சொல்லிக்கொடுத்திருப்பார். காரம் தாங்காத வீட்டுக்கு ஒரு கணக்கு, பந்திக்கு ஒரு கணக்கு. ‘பெரிய மன்னி வீட்டில்’, ‘மதுரைச் சித்தி வீட்டில்’ என்று தனித்தனியாகவே போடுங்கள்.

மாடிவீடு:

நல்லது, திருத்தும் யோசனையை விட்டேன். ஆனால் இதைக் கேட்கிறேன்: நோட்டில் கடன் கணக்கு, யாருக்கு எவ்வளவு சீர் செய்தது என்பதெல்லாம் இருந்தால்?

பழைய_ஏடு:

ஸ்கேனில் இருக்கட்டும், புத்தகத்தில் வேண்டாம், குடும்பக் குழுவிலும் போடாதீர்கள். கைமாற்றுக் கணக்கு ஒன்று போதும், வருஷாப்திகத்தன்றே சண்டை வரும். மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மருந்துக் குறிப்புகளுக்கும் கவனம். பிரசவ லேகியம், குழந்தைக்கு உரை மருந்து எல்லாம் இருக்கும். நினைவுக்காக அச்சிடலாம், ஆனால் அதே பக்கத்திலேயே எழுதுங்கள்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு வயது வரை தேன் கூடாது, மற்றது மருத்துவரைக் கேட்டு. அத்தை எழுதினார் என்பதற்காகவே கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு, அவர் வார்த்தைக்கு அவ்வளவு செல்வாக்கு.

அச்சுக்கூடம்:

அச்சு விஷயம் சுருக்கமாக. சமையலறைப் புத்தகம் விரித்தால் விரிந்தபடி கிடக்க வேண்டும், எனவே ஸ்பைரல். பசை பைண்டிங் அடுப்பங்கரைச் சூட்டில் விட்டுவிடும். நடுவில் பின் அடிப்பதென்றால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும், 48க்கு மேல் போனால் மடிப்பு உப்பும். ஏ5 அளவு போதும், எழுத்து 13 புள்ளிக்குக் குறையாமல், பெரியவர்களும் படிப்பார்கள். கையெழுத்துப் படங்கள் வண்ணத்தில் வருவதால் தாள் 100 ஜிஎஸ்எம் போடுங்கள், 80இல் பின்பக்கம் தெரியும். முதலில் ஒரே ஒரு பிரதி அடித்து, அதை வைத்து நாலு பண்டம் சமைத்துப் பார்த்த பிறகு மீதியை அடியுங்கள். அளவுப் பிழை அச்சுக்கூடத்தில் தெரியாது, அடுப்பில்தான் தெரியும்.

வடக்குவீதி:

எல்லோருக்கும் நன்றி. இடப்பக்கம் கையெழுத்து, வலப்பக்கம் அச்சு என்று முடிவு. ஆழாக்கு கிடைத்துவிட்டது, தண்ணீர் 198 கிராம் பிடிக்கிறது. கடைசியாக ஒன்று: கூழ் வடாம் பக்கத்தில் “மாவு 1 கிலோ, ஜலம் ஆறு பங்கு, உப்பு கையை இறுக்கிப் போடு, ருசி பார்த்தால் சப்பென்று இருக்கணும்” என்கிறார். சப்பென்று இருந்தால் எப்படிச் சரி?

வடுஜாடி:

அதுதான் சரி. கூழில் ஆறு பங்கு தண்ணீர் இருக்கிறது, வெயிலில் அது முழுக்கப் போகும், உப்பு அப்படியே நிற்கும். 1 கிலோ மாவுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு போட்டால் கூழில் அரை சதவீதம்கூட இராது, சப்பென்று இருக்கும். காய்ந்த வடாமில் அது 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும், பொரித்தால் அளவாக இருக்கும். கூழிலேயே ருசியாக இருக்கும்படி போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும், வாயில் வைக்க முடியாது. பச்சைமிளகாயும் இதே கணக்கு, கொஞ்சம் குறைத்து அரையுங்கள். எலுமிச்சைச் சாற்றைக் கூழ் வெதுவெதுப்பாக ஆறிய பிறகு சேருங்கள், அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் கசக்கும். மாவு வெந்ததா என்று பார்க்க ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. வேகாத கூழில் வார்த்த வடாம் காய்ந்ததும் விரிசல் விட்டுத் துணியிலேயே நொறுங்கும். காலை ஏழு மணிக்குள் வார்த்துவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் அன்று சாயங்காலமே துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்துத் திருப்பிப் போட முடியும். மறுநாள் வெயிலும் முழுசாக வேண்டும்.